பெயர் தெரியாத மாடுகள்

செகாபோவுக்கு எத்தனை மாடு என்று மொரேலெங் ஊரில் ஒருவரும் அவனிடம் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் அப்படிக் கேட்பது ஒருவன் பெண்டாட்டியின் இடுப்பளவைக் கேட்பதற்குச் சமம். கேட்கக் கூடாதே ஒழிய, மனசுக்குள் கணக்குப் போடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அதனால் ஊர் போட்டது. சிலர் எண்பது என்றார்கள். கடைக்காரர் நூறுக்குக் குறையாது என்றார். துசோவின் அம்மா மட்டும் நூற்றிருபது என்று சொல்லிவிட்டு, எப்படித் தெரியும் என்று கேட்டால், "எனக்கென்ன தெரியும், நான் பக்கத்து வீட்டுக்காரிதானே" என்று ஒதுங்கிக்கொள்வாள்.

செகாபோ வாய்விட்டு ஒரு நாளும் பெருமை பேசியதில்லை. அவன் புலம்புவான். "இத்தனை வாய்க்குத் தண்ணி எறைச்சே இடுப்பு போச்சுப்பா" என்று ஊர்ச்சபை மரத்தடியில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொள்வான். "உப்புக்கட்டி வாங்கி மாளல" என்பான். ஒரு மாட்டின் பெயரையோ நிறத்தையோ சொல்ல மாட்டான், கண்ணேறு படும். புலம்பலைக் கேட்டவர்கள் எழுந்து அவனுக்கு நாற்காலி போட்டார்கள். இருபது வருஷமாக அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான்.

ஊருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. அந்தப் பட்டியில் செகாபோவின் சொந்த மாடு ஒன்பது. மற்றதெல்லாம் மாஃபீசா. அதாவது இருப்பவன் இல்லாதவனிடம் மாட்டை விட்டுவைப்பது. வளர்க்கிறவன் பாலைக் குடித்துக்கொள்ளலாம், உழுதுகொள்ளலாம், நல்ல வருஷத்தில் ஒரு கன்றும் கிடைக்கும், மாடு மட்டும் என்றைக்கும் உடையவனுடையது. இங்கேயும் இருப்பவன் இல்லாதவனிடம்தான் விட்டிருந்தான். யார் இருப்பவன், யார் இல்லாதவன் என்பதில்தான் ஊர் ஏமாந்திருந்தது.

அந்த மாடுகளுக்கு உடையவர் மொட்சூமி. கடைக்கு எதிரே முள்மரத்தடியில் செருப்புத் தைப்பவர். ஜோஹானஸ்பர்க் தங்கச் சுரங்கத்தில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டு, ஒரு தகரப்பெட்டியோடும் தீராத இருமலோடும் ஊர் திரும்பியவர். அவர் பஸ்ஸை விட்டு இறங்கியபோது நான்கு சகோதரர்களும் அவர்கள் பிள்ளைகளும் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒரு வாரத்தில் கம்பளி இரண்டும் ரேடியோவும் போயின. இரண்டாவது வாரம் தகரப்பெட்டியே போயிற்று. ஆனால் அந்தக் கிழவர் அத்தனை ஏமாளி இல்லை. வரும் வழியிலேயே பதினோரு கிடாரிகளை வாங்கி, அப்போது நான்கு மாட்டோடு திண்டாடிக்கொண்டிருந்த செகாபோவின் பட்டியில் சேர்த்துவிட்டுத்தான் மடியில் காசில்லாமல் பஸ் ஏறியிருந்தார். செகாபோவின் முத்திரைக் கம்பியைக் காய்ச்சியே அவற்றுக்கும் சூடு போட்டார்கள். சாட்சிக்கு இருந்த ஒருவரும் இறந்துபோனார். மிச்சம் தெரிந்தவள் செகாபோவின் மனைவி, பிள்ளை போனோவின் அம்மா, கியாகிலே.

பட்டி ஊரிலிருந்து கழுதை வண்டியில் இரண்டு மணி நேரத் தொலைவு. மொட்சூமி வருஷத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ, புளித்த பால் கேட்டு வரும் ஏழையைப் போலப் போய், ஓரமாக நின்று பார்த்துவிட்டு வருவார். ஊருக்குள் செகாபோவைக் கண்டால் தொப்பியை எடுத்து "ஐயா" என்பார். செகாபோ "ஏய் மொட்சூமி" என்பான். ஆளில்லாத இடத்தில் "தம்பி", "அண்ணே". புதன்கிழமைதோறும் கியாகிலே ஒரு தூக்கு நிறையப் புளித்த பாலைக் கொண்டுபோய் அவரிடம் கொடுப்பாள். அதைப் பார்த்து ஊர் அவளைப் புண்ணியவதி என்றது.

அந்த வருஷம் மாடுகளுக்கு நுரையீரல் நோய் வந்தது. முதலில் எல்லைப் பக்கத்துப் பட்டி ஒன்றில் மாடு இருமியது. பிறகு வேலி போட்டார்கள். வேலிக்கு இந்தப் பக்கமும் இருமியது. மறுபடி வேலி. கடைசியில் வட்டாரத்தில் ஒரு மாடு விடாமல் சுட்டுவிடுவது என்று சர்க்கார் முடிவெடுத்து, சுடும் ஒவ்வொரு தலைக்கும் ஈட்டுத்தொகை தருவதாக ரேடியோவில் சொன்னது. போட்ஸ்வானாவின் மற்ற ஜில்லா மாடுகளைக் காப்பாற்ற இதுதான் வழி என்றார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். உண்மையைக் கேட்டு யாரும் தூங்கவில்லை.

செகாபோவின் பட்டிக்கு லாரிகள் வந்த காலை ஒரே புழுதிக் காற்று. குழி முந்தின நாளே வெட்டியாகிவிட்டது. மாடுகளை ஒவ்வொன்றாக மரச்சட்டத்துக்குள் விரட்டக் கூலிக்கு ஆள் எடுத்திருந்தார்கள். பத்துக் கூலிகளில் ஒருவராக, சுரங்கத்துப் பழைய கோட்டு மாட்டிக்கொண்டு, கையில் கோலோடு லாரியிலிருந்து இறங்கினார் மொட்சூமி. தன் மாட்டைக் கடைசியாகப் பார்க்க அவருக்கு வேறு வழி இருந்திருக்காது.

தொப்பி போட்ட அதிகாரி நோட்டை விரித்தார். "எல்லாம் ஒரே முத்திரைதானா?"

"ஒரே முத்திரைதான்" என்றான் செகாபோ.

"எல்லாம் உங்க மாடுதானே?"

அங்கே ஒரு மூச்சு நேரம் இருந்தது. மொட்சூமி பத்தடியில் நின்றார். 'இல்லை' என்று சொல்ல வேண்டும் என்று செகாபோவுக்குத் தெரியும். ஆனால் அவன் நாக்கு இருபது வருஷமாக ஒரே தடத்தில் போய்வந்த வண்டிச்சக்கரம்.

"ஆமா" என்றான்.

சட்டத்தின் கதவருகே கிழவர் தடுமாறினார். ஒரு செவலைப் பசு அவரைத் தாண்டி நகராமல் நின்றது. "பெரியவரே, கொஞ்சம் சீக்கிரம்" என்றார் அதிகாரி, மரியாதையாகத்தான்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். யாரும் செகாபோவைக் கேட்கவில்லை. ஆனால் அதிகாரி கிழவரைப் பார்த்துவிட்டுத் தன்னைப் பார்த்ததும், உண்மை எங்கே முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறதோ என்று அவனுக்குப் பயம் வந்துவிட்டது.

"அவன் அப்படித்தான் சார். ஓசிப் பால் குடிச்சே ஒடம்பு வளத்தவன். வெரட்டுனாத்தான் நகருவான்."

கூலிகள் சிரித்தார்கள். மொட்சூமியும் பல் தெரியச் சிரித்து, "ஆமாங்கய்யா" என்று சொல்லி, கோலால் செவலையின் பின்பக்கத்தைத் தட்டினார். அது உள்ளே போயிற்று.

மதியத்துக்குள் முடிந்தது. குழியை மூடிய இயந்திரம் மேலேயும் கீழேயும் நாலு முறை ஓடியது. கூலிகளுக்கு அங்கேயே வரிசையில் நிற்கவைத்துப் பணம் கொடுத்தார்கள். மொட்சூமி பெருவிரலை மையில் ஒற்றி வாங்கிக்கொண்டு லாரியில் ஏறினார்.

அதற்குப் பிறகு ஊரில் ஒரு புது நோய். எல்லோர் வீட்டிலும் பால் குடுவை காய்ந்து வெடித்தது. பாலில்லாத கட்டஞ்சாயாவில் சர்க்கரையைக் கூட்டிப் போட்டுப் பிள்ளைகளை ஏமாற்றினார்கள். சோளக்களிக்குத் தொட்டுக்கொள்ளக் கீரை. விடிந்தால் ஆண்களுக்குப் போக இடமில்லை. ஊர்ச்சபை மரத்தடியில் உட்கார்ந்து ஒருவர் செருப்பை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை அதிகாரிகள் வந்து பட்டியலைச் சத்தமாக வாசித்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, தவறு இருந்தால் திருத்தத்தான் வாசித்தார்கள். ஆனால் ஒருவன் மாட்டு எண்ணிக்கையை இன்னொருவன் காதில் விழும்படி சொல்லுவது அந்த மரத்தடிக்குப் புதிது. இருநூறு என்று ஊர் நினைத்திருந்த லெசோலே, செகாபோவின் சித்தப்பா மகன், பதினேழு. ஊர்த்தலைவர் நாற்பது. தேவாலயத்தில் முன்வரிசையில் உட்காருபவர் ஒருவர் மூன்று. அன்றைக்கு ஊரில் பாதிப்பேர் துணியில்லாமல்தான் வீட்டுக்குப் போனார்கள்.

"செகாபோ, அறுபத்து மூணு."

யாரோ சீட்டியடித்தார்கள். மொத்த ஊரிலும் துணியோடு நின்றவன் அவன் ஒருவன்தான்.

பட்டியலை மூடிவிட்டு, தலைநகரிலிருந்து வந்திருந்த பெண் அதிகாரி சொன்னார்: "மாஃபீசா மாடு ஏதாவது இருந்தா, விட்டவரும் வளர்த்தவரும் சேர்ந்து வெள்ளிக்கிழமை இங்க வந்து சொல்லிடுங்க. காசோலை எழுதிட்டா எழுதினதுதான். அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது."

செகாபோ வீட்டுக்குப் போனபோது கியாகிலே உரலில் சோளம் இடித்துக்கொண்டிருந்தாள். உலக்கையை நிறுத்தவில்லை.

"அறுபத்து மூணாமே."

"ஆமா."

"ஒம்போதுன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்." மூன்று இடி. "கன்னு போட்டுச்சா, ராவோட ராவா?"

"போனோ அம்மா, சும்மா இரு. காசு வரட்டும். கமுக்கமா கொண்டுபோய் அவர் கையில குடுத்துடறேன். அவருக்கும் அதுதான் வேணும். வெளிய தெரிஞ்சா அந்த நாலு அண்ணன் தம்பியும் உரிச்சிடுவாங்க."

"குடுத்துடுவீங்களா?"

"பின்ன?"

"இப்பத்தான் லெசோலே வந்துட்டுப் போனாரு. கூரைக்குத் தகரம் வேணுமாம். உங்க அக்கா ஆள் அனுப்பியிருக்கா, மகன் படிப்புக்கு. கடைக்காரர் என்னைக் கண்டா எந்திரிச்சு நிக்கிறாரு, எனக்கு எங்க பாக்கறதுன்னே தெரியல. அறுபத்து மூணு மாட்டுக் காசை வாங்கி வச்சுக்கிட்டு இவங்களுக்கெல்லாம் இல்லேன்னா நீங்க கஞ்சன். குடுத்தா திருடன். எதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

அவள் உலக்கையைச் சுவரில் சாய்த்தாள்.

"குழாயடியில துசோ அம்மா ஒரு கதை சொன்னா. ஓசிப் பால் குடிச்சு ஒடம்பு வளத்தவன்னு யாரோ யாரையோ சொன்னாங்களாம். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிக்கலேன்னா ஏன் சிரிக்கலேன்னு கேப்பாங்களே." தவிட்டை ஊதினாள். "இருபது வருஷமா அவர் பாலை அவருக்கே தூக்கிட்டுப் போயி, புண்ணியவதின்னு பேர் வாங்கியிருக்கேன். நீங்க மட்டும் இல்ல போனோ அப்பா. நானும்தான்."

புதன்கிழமை வந்தது. கொண்டுபோகப் பாலில்லை. கியாகிலே களி கிண்டி ஒரு கிண்ணத்தில் மூடி, கணவன் முன்னால் வைத்தாள். தான் போவதாகச் சொல்லவில்லை. அவன்தான் எடுத்துக்கொண்டு நடந்தான்.

மொட்சூமியின் குடிசை ஊர்க்கோடியில், வறண்டுபோன ஏரிப் பாதையில். வெயில் தலையைத் துளைத்தது. கிண்ணத்தைத் துண்டால் பிடித்துக்கொண்டு நடக்கும்போது செகாபோ யோசித்துக்கொண்டே போனான். சேரும் தொகையில் கிழவருக்கு அவர் பங்கு. வளர்த்ததற்கு நமக்கும் ஏதோ உண்டு. அதை யாரும் மறுக்க முடியாது. ஒரு மாடு? இருபது வருஷம் இறைத்த தண்ணீருக்கு மூன்று மாடாவது தர வேண்டும். மருந்து வாங்கியது நாம். பஞ்சத்தில் படுத்த மாடுகளைத் தூக்கி நிறுத்தியது நாம். ஆறு. ஆறு மாட்டுக் காசில் வீட்டுக்கு முழுசாகத் தகரம் போட்டு, வாசலுக்கு இரும்புக் கதவும்... கதவுக்குப் பச்சையா நீலமா என்ற இடத்தில் அவன் பாதம் ஒரு முள்ளை மிதித்தது. நின்றான். கிழவரின் ஆறு மாட்டை அவன் ஏற்கெனவே தகரமாக மாற்றியிருந்தான். அதுவும் அவருக்குச் சோறு கொண்டுபோகிற வழியில்.

மொட்சூமி வாசலில் பெட்டியொன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். கிண்ணத்தை வாங்கித் திறந்து பார்த்தார்.

"பால் இல்லாத புதன்கிழமை" என்றார். "உக்காரு தம்பி."

உட்கார்ந்தான். சற்று நேரம் கிழவர் சாப்பிடுவதையே பார்த்தான். ஒவ்வொரு கவளத்துக்கும் இருமல்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை சபைக்கு வாங்க."

"எதுக்கு?"

"சொல்லிடலாம்."

கிழவர் கையை உதறினார். "உனக்கென்ன பைத்தியமா? என் தம்பிங்களுக்குத் தெரிஞ்சா மூணு நாள்ல என்னைத் தின்னு எலும்பைத் துப்பிடுவானுங்க. உன் பேர்ல வரட்டும். நீ குடுப்ப. எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"இருபது வருஷத்துல ஒரு கன்னுகூட குறைச்சுச் சொன்னதில்லையே நீ."

செகாபோ தரையைப் பார்த்தான். எறும்புகள் ஒரு களித்துணுக்கை இழுத்துக்கொண்டிருந்தன.

"அப்ப யாரும் எங்கிட்ட காசா குடுக்கல அண்ணே. மாடா இருந்துச்சு. மாட்டை எப்படித் திருடறதுன்னு எனக்குத் தெரியாது. காசு வேற. வர்ற வழியிலயே உங்க ஆறு மாட்டைத் தின்னுட்டேன்."

மொட்சூமி மெல்லுவதை நிறுத்தினார். கோபப்படுவார் என்று அவன் எதிர்பார்த்தான்; எதிர்பார்த்ததைவிட, விரும்பினான் என்றே சொல்ல வேண்டும். அவரோ கோட்டுப் பையில் கையை விட்டு, நான்காக மடித்த நோட்டுகளை எடுத்துக் காட்டினார்.

"அன்னிக்குக் குடுத்த கூலி. செலவு பண்ண மனசு வரல. தூக்கியெறியவும் முடியல." மறுபடி பையில் வைத்துக்கொண்டார். "நீ எல்லாத்தையும் உன் மாடுன்னு சொன்னியே, அது நம்ம பேச்சுப்படிதான். அதுல தப்பில்ல. ஓசிப் பால்னு சொன்னியே தம்பி. அதை மட்டும் விட்டிருக்கலாம்."

கிளம்பும்போது அவன் மறுபடியும் சொன்னான்: "வெள்ளிக்கிழமை வாங்க. என் மேல எனக்கு நம்பிக்கை இல்ல."

வெள்ளிக்கிழமை ஊர்ச்சபை நிரம்பி வழிந்தது. மற்றவர்கள் மாட்டுக்கதை கேட்பதற்கு வந்தவர்களே அதிகம். நாட்டியிருந்த கட்டை வேலியை ஒட்டி ஆண்கள், தரையில் துணி விரித்துப் பெண்கள். பெண் அதிகாரி மேசை போட்டுப் பட்டியலோடு உட்கார்ந்திருந்தார். மொட்சூமி கடைசியாக வந்து, கழுதைகள் கட்டுமிடத்தில் நின்றார்.

செகாபோ நாற்காலியிலிருந்து எழுந்தான். "என் பேருக்கு எதிர அறுபத்து மூணுன்னு எழுதியிருக்கு. அதுல ஒம்போதுதான் எனக்குச் சொந்தம். மத்த அம்பத்து நாலும் மாஃபீசா." தொண்டையைச் செருமினான். "மொட்சூமி அண்ணனோட மாடு."

'அண்ணன்' என்ற சொல்லுக்கே சபை ஒரு தரம் திரும்பிப் பார்த்தது. பிறகு சிரித்தது. முதலில் லெசோலேதான் ஆரம்பித்தான்.

"அடேயப்பா. காசு வரப்போகுதுன்னதும் ஏழையாயிட்டான் பாருங்க. திங்கக்கெழமைதான் தகரத்துக்குக் கேட்டேன், இன்னிக்கு மாடெல்லாம் செருப்புத் தைக்கிறவருதாம்."

"விடுப்பா" என்றது இன்னொரு குரல். "இன்னும் ரெண்டு பேர் கடன் கேட்டா, பொண்டாட்டியும் மாஃபீசாதாம்பான்."

பெண்கள் பக்கம் கியாகிலே தலையைக் குனிந்துகொண்டாள். அவளைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். துசோவின் அம்மா சிரித்தபடியே அவள் முகத்தையும் கவனித்துக்கொண்டாள்.

ஊர்த்தலைவர் கையை உயர்த்தினார். "மொட்சூமி, இப்படி வா. இவர் சொல்றது நெசமா?"

கிழவர் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு முன்னே வந்தார். அவருடைய சகோதரர்கள் நால்வரும் ஒரே வரிசையில் கழுத்தை நீட்டுவது தெரிந்தது. சொல்லவே கூடாது என்றிருந்தவர், செகாபோவின் முகத்தைப் பார்த்தார். என்ன கண்டாரோ, "நெசந்தாங்கய்யா" என்றார்.

"பாவம், எசமான் சொல்லிக்குடுத்ததைச் சொல்றாரு" என்றாள் ஒருத்தி. "என்ன குடுத்தானோ, புதுக் கோட்டா?"

பெண் அதிகாரி பேனாவை மூடினார். "இப்படி ஆளாளுக்குச் சொன்னா நான் எதை எழுதறது? முத்திரை இவரோடது. சாட்சி யாராவது இருக்காங்களா?"

"செத்துட்டாரு" என்றான் செகாபோ. அதற்கும் சிரித்தார்கள்.

தலைவர் யோசித்தார். "மாட்டைத் தெரிஞ்சவன்தான் மாட்டுக்காரன். அம்மா, உங்க பட்டியல்ல நெறம், கொம்பு எல்லாம் குறிச்சிருக்கீங்கல்ல? படிக்காதீங்க, கையில வச்சுக்கோங்க. மொட்சூமி, உன் மாட்டைச் சொல்லு."

கிழவர் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார். முதல் பதினொன்றும் தண்ணீர் போல வந்தன. கூடுகொம்புக் காரி, நெற்றிச்சுட்டி உள்ள செவலை, வால்நுனி வெளுத்த மயிலை, வாங்கும்போதே வலது காது கிழிந்திருந்த, கொம்பில்லாத மோளை. எந்த ஊரில் யாரிடம் வாங்கியது, எது நொண்டியது, எது வழியில் படுத்துக்கொண்டது என்று சொல்லச் சொல்ல, சபையில் சிரிப்பு அடங்கியது. ஆனால் அவையெல்லாம் எப்போதோ செத்துப்போன தாய்கள். சுடப்பட்டவை அவற்றின் மகள்களும் பேத்திகளும். அங்கே வந்ததும் கிழவர் நின்றுவிட்டார். "காரியோட மக ஒண்ணு... கறுப்பு. இல்ல, புள்ளி போட்ட மறையா..." வருஷத்துக்கு இரண்டு முறை, ஓரமாக நின்று பார்த்தவர். ஐந்தைச் சொன்னார், அதில் இரண்டு தப்பு. பெண் அதிகாரி இல்லையென்று தலையசைத்தார்.

"நான் சொல்லல?" என்றான் லெசோலே. "யாரோ சொன்னதைக் கேட்டு மனப்பாடம் பண்ணியிருக்காரு."

தலைவர் திரும்பினார். "செகாபோ. இப்ப நீ சொல்லு."

செகாபோவுக்கு வாய்வரை வந்துவிட்டது. காரியின் மகள் கறுப்பும் இல்லை மறையும் இல்லை, புகை நிறம், மழை நாளில் பிறந்தது, மூன்று ஈற்று. அதன் இரண்டாவது கன்று, கழுத்தில் மட்டும் வெள்ளை வளையம், அவன் குரல் கேட்டால் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வரும். பஞ்ச வருஷத்தில் மோளையின் மகளைத் தினம் காலையில் வாலைப் பிடித்துத் தூக்கி நிறுத்தியிருக்கிறான், நாற்பத்தொரு நாள். அறுபத்து மூன்றும் அவன் நாக்குக்கு அடியில் கிடை போட்டிருந்தன. திறந்துவிட்டால் போதும். ஒரு மூச்சில் சொல்லிவிடுவான். சொன்னால் அந்த மரத்தடியில் ஒருவன்கூட அவை அவனுடையவை இல்லை என்று நம்ப மாட்டான்.

"என்ன யோசனை? சொல்லு."

"தெரியாதுங்க" என்றான்.

"என்ன தெரியாது?"

"பேரு."

"நெறம்?"

"நெறமும் சரியா..." அவன் குரல் அவனுக்கே யாருடையதோ போலக் கேட்டது. "நான் எண்ணி அடைப்பேன், எண்ணித் தொறந்து விடுவேன். அவ்வளவுதான். மாட்டைப் பாக்கல. பாலைத்தான் பாத்தேன். ஓசிப் பால் குடிச்சது இவர் இல்ல. நான்."

வேலிக்கட்டையில் சாய்ந்திருந்த ஒரு கிழவர் வாயிலிருந்த புகைக்குழலைக் கையில் எடுத்தார். பிறகு எழுந்த சிரிப்பு முன்பு எழுந்ததைப் போல இல்லை. சிரித்தவர்கள் அவனைப் பார்க்காமல் சிரித்தார்கள்.

"இருபது வருஷம்" என்றார் தலைவர். "ஒரு பசுவோட நெறம் தெரியாது?"

"தெரியாதுங்க."

"அந்த அம்பத்து நாலுல ஒண்ணுகூடவா?"

அவன் இல்லையென்று தலையை ஆட்டினான். பெண்கள் பக்கத்தைப் பார்க்கவில்லை. அங்கே ஒருத்திக்கு, மோளையின் மகள் எழுந்து நின்ற அன்று அவன் சின்னப் பையனைப் போல அழுதது தெரியும்.

தலைவர் பெண் அதிகாரியிடம் திரும்பி, "எழுதிக்குங்கம்மா" என்றார். "மொட்சூமின்னு எழுதுங்க."

"எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"நீங்க பட்டணத்துக்காரங்க. எங்க பக்கத்துல மாடு இல்லாதவன் இருக்குன்னு பொய் சொல்லுவான். இருக்கிறவன் இல்லேன்னு பொய் சொல்லுவான். தன் மாட்டைத் தெரியாதுன்னு பொய் சொல்ற ஆம்பளை இன்னும் பொறக்கல."

பெண் அதிகாரி எழுதினார். செகாபோ, ஒன்பது. மொட்சூமி, ஐம்பத்து நான்கு. செகாபோ தன் இடத்துக்குத் திரும்பியபோது அந்த நாற்காலியில் லெசோலே உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவில்லை. செகாபோவும் எழச் சொல்லவில்லை, பிள்ளைகளுக்கு அந்தப் பக்கம், மணலில் உட்கார்ந்துகொண்டான்.

கியாகிலே அன்று அவனோடு பேசவில்லை. ஆனால் களிக்குக் கீரையோடு ஒரு துண்டு உலர்ந்த மீனும் இருந்தது. எங்கே கிடைத்தது என்று அவன் கேட்கவில்லை.

குழாயடியில் ஒரு வாரத்துக்கு வேறு பேச்சே கிடையாது. தெருவில் சிவப்பு மாடு போட்ட காலண்டரைக் கண்டால்கூட, "செகாபோவைக் கூப்பிடுங்க, இது என்ன நெறம்னு கேப்போம்" என்றார்கள். அவன் கடைக்குப் போவதை நிறுத்தினான். பிறகு உப்பு தீர்ந்துபோனதால் மறுபடி போனான்.

அடுத்த சனிக்கிழமை மதியம், வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு மொட்சூமி வந்தார். தொப்பியை எடுக்கவில்லை.

"என்னை அழிச்சிட்டியே தம்பி. நாலு பேரும் பொண்டாட்டி பிள்ளையோட வந்து என் வாசல்ல குடியிருக்கானுங்க. நேத்து ஒருத்தன் என் காலைக் கழுவி விடறான். இருபது வருஷமா ஏழையா நிம்மதியா இருந்தேன்."

"இப்பவே குடுத்துடாதீங்கண்ணே. பாதிக் காசுக்குப் பதிலா மாடா கேளுங்க. நோய் போனப்பறம் தருவாங்களாம்."

"அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்கேன். எந்தப் பட்டியில விடறதுன்னு கேட்டா அந்த அம்மா. ஒண்ணும் சொல்லல நான்." செகாபோ நிமிர்ந்து பார்த்ததும் கிழவர் பார்வையை விலக்கிக்கொண்டார். இருமினார். "அது அப்பறம். இப்ப எல்லாரும் என்னைத்தான் கேக்கறாங்க, உன் மாடுங்க எப்படி இருந்துச்சு, எப்படி இருந்துச்சுன்னு. எனக்குத் தெரியலையே. என் மாடு செத்துப்போச்சு, எது செத்துச்சுன்னு தெரியல. நீ சொல்லு."

"நான் எங்க..."

"எங்கிட்டயுமா?"

கியாகிலே உள்ளேயிருந்து இரண்டு கட்டஞ்சாயாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அங்கேயே நிலைப்படியில் உட்கார்ந்தாள்.

செகாபோ வாயைத் திறந்தான். "காரியோட மக" என்றான். "அது கறுப்பில்லண்ணே..."

வேலிக்கு அந்தப் பக்கம் துசோவின் அம்மாவின் தலை எழும்பியது. காயப்போட்ட துணியை எடுக்க வந்தவள். துணி காலையிலேயே காய்ந்திருந்தது.

"என்ன, மூணு பேரும் கூடிக்கூடிப் பேசறீங்க? யாரோட மக?"

"ஒண்ணுமில்லக்கா" என்றான் செகாபோ.

அவள் ஒரு துணியை எடுத்து மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள். போகிறவளாகத் தெரியவில்லை. மொட்சூமி தான் உட்கார்ந்திருந்த பெட்டியை நகர்த்திப் போட்டுக்கொண்டு, காதை அவன் வாயருகே கொண்டுவந்தார். செகாபோ ஒரு கையால் வாயை மறைத்துக்கொண்டான். அந்தப் புகை நிறத்தவளின் பெயரை, கெட்ட வார்த்தை சொல்லுகிறவனைப் போல, மிகமிக மெதுவாகச் சொன்னான். பிறகு அவளுடைய கன்றின் பெயரை.